நிலவில் பளிச்சிட்டது விண்கல்தானா? பதிவைச் சோதிக்கும் முறை

பிறை நிலவின் வெயில் படாத பகுதியை இரண்டு மணி நேரம் வீடியோ எடுத்திருக்கிறீர்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. முந்தைய ஃப்ரேமில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. விண்கல் மோதிவிட்டது என்றுதான் மனம் முதலில் சொல்லும். ஆனால் இப்படிக் கிடைக்கும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் நிலவுக்கும் சம்பந்தமே இருக்காது. கேமராவுக்குள்ளேயே நடந்ததாக இருக்கலாம், தலைக்கு மேல் பறந்ததாக இருக்கலாம், நிலவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்த விண்மீனாகவும் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய அடிப்படையில் ஒரே கேள்விதான்: அந்த ஒளி எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? சென்சாரோடா, காற்றில் போகும் ஒன்றோடா, பூமியைச் சுற்றும் ஒன்றோடா, விண்மீன் பின்னணியோடா, நிலவின் தரையோடா? கடைசியாகச் சொன்னது மட்டுமே மோதல். மற்ற நான்கும் இல்லை என்று காட்டிய பிறகுதான் அந்தப் பெயரை வைக்க வேண்டும்.

உண்மையான மோதல் எப்படித் தெரியும்

நிலவில் காற்று இல்லை. அதனால் சிறு கல்லும் வேகம் குறையாமல் நேராகத் தரையில் விழுகிறது. ஆண்டுதோறும் வரும் விண்கல் பொழிவுகளில் ஜெமினிட் கற்கள் நொடிக்குச் சுமார் 35 கி.மீ, பெர்சீட் 59, லியோனிட் 71 கி.மீ வேகத்தில் வருபவை. எதுவும் அங்கே தீப்பிடித்து எரிவதில்லை. இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, பாறை உருகி ஆவியாகிறது. அந்தச் சூடான துளிகள் ஆறும் வரை ஒளிர்கின்றன. மொத்த ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது.

ஒளி வரும் விதத்திலேயே இதன் அடையாளம் இருக்கிறது. சட்டென்று உச்சத்துக்கு ஏறும், பிறகு தணியும். பெரும்பாலானவை பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நொடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் ஒன்று முதல் மூன்று ஃப்ரேம்தான். பிரகாசமானவை கொஞ்சம் நீடிக்கும். 2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணத்தின்போது, உலகப் பொது நேரமான யூடிசிப்படி 04:41:38-க்கு விழுந்தது 0.28 நொடி தெரிந்தது. ஸ்பெயினின் மிடாஸ் தொலைநோக்கிகள் 2013 செப்டம்பர் 11-இல் பதிவு செய்த ஒன்று மட்டும் அபூர்வமாக 8 நொடி வரை மங்கலாக நீடித்தது.

நிறமும் உதவும். கிரீஸின் கிரையோனேரி ஆய்வகத்தில் 1.2 மீட்டர் தொலைநோக்கியைப் பயன்படுத்திய நெலியோட்டா திட்டம், இரண்டு கேமராக்களில் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தது. அதில் கிடைத்த வெப்பநிலை ஏறத்தாழ 1300 முதல் 3100 கெல்வின். சூரியனைவிட மிகக் குளிர்ந்த ஒளி என்பதால் மோதல் அகச்சிவப்பில்தான் கூடுதல் பிரகாசம். செயற்கைக்கோளில் பட்டு வருவது சூரிய ஒளி. இந்தச் சிவப்பு அதில் இருக்காது. இரண்டு கேமரா வசதி உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும்.

சந்தேகம் தீரும்படி பதிவு செய்வது

பிறகு சோதிக்க முடியாத பதிவை எத்தனை மணி நேரம் எடுத்தாலும் பயனில்லை. எனவே தொடக்கத்திலேயே சரியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

20 செ.மீ அல்லது அதற்கு மேற்பட்ட தொலைநோக்கி, 1000 மி.மீ அளவு குவியத்தொலைவு, கருப்பு வெள்ளை வீடியோ கேமரா: இது நல்ல தொடக்கம். நிலவு 10 முதல் 50 சதவீதம் ஒளிர்ந்திருக்கும் நாள்களே ஏற்றவை. ஒளிரும் பிறையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் ஒளி சிதறி, மங்கலான பளிச்சிடல்களை விழுங்கிவிடும். நொடிக்கு 25 அல்லது 30 ஃப்ரேம், ஒவ்வொன்றுக்கும் 30–40 மில்லி நொடி வெளிப்பாடு (ஒளி சேர்க்கும் நேரம்). பூமியில் பட்டு நிலவுக்குப் போகும் புவியொளியில், கடல்கள் எனப்படும் நிலவின் கருஞ்சமவெளிகளின் எல்லை மங்கலாகத் தெரியும் அளவுக்கு கெயினை (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) உயர்த்துங்கள். தரையின் அடையாளங்கள் தெரியாவிட்டால் புள்ளி எங்கே விழுந்தது என்று அளக்கவே முடியாது.

பிக்சல் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிக்சலின் மைக்ரான் அளவை 206-ஆல் பெருக்கி, மி.மீ-இல் உள்ள குவியத்தொலைவால் வகுத்தால் ஒரு பிக்சல் எத்தனை ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) என்று வரும். 5.86 மைக்ரான் பிக்சல், 1000 மி.மீ என்றால் 1.2 ஆர்க்செகண்ட். நிலவின் நடுவில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது சுமார் 1.9 கி.மீ. ஒரு பிக்சலுக்கு 1 முதல் 2 ஆர்க்செகண்ட் இருக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

சுருக்கம் செய்யாத எஸ்இஆர் அல்லது ஏவிஐ கோப்பாகவே சேமியுங்கள். வீடியோ சுருக்கும் முறைகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாத தகவலை வைத்துக்கொண்டு, சின்ன மாற்றங்களைத் தூக்கி எறிபவை. ஒரு ஃப்ரேம் பளிச்சிடல் அப்படியே காணாமல் போகலாம், அல்லது பல ஃப்ரேம்களில் பூசப்பட்டு நீண்ட ஒளியாகத் தெரியலாம். ஒளி ஏறி இறங்கும் வடிவத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டும் கேடு.

நேரம் பத்தில் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் நேரப்பதிவுக் கருவி சிறந்தது. இல்லாவிட்டால் கணினிக் கடிகாரத்தை இணைய நேரச் சேவையகத்தோடு அடிக்கடி ஒத்திசையுங்கள். வளர்பிறையில் கடிகாரத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: நிலவின் இருண்ட விளிம்பு முன்னால் போவதால் விண்மீன்கள் அதன் பின்னே சட்டென்று மறையும். கணித்த நேரத்தையும் பதிவில் மறைந்த நேரத்தையும் ஒப்பிட்டால் கடிகாரத்தின் பிழை தெரிந்துவிடும். அதே விண்மீனைப் பிரகாச அளவீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சென்சாரோடு ஒட்டியவை

அதிகம் ஏமாற்றுவது காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க துகள்களும் அவை காற்றில் உருவாக்கும் மியூவான் போன்ற நுண்துகள்களும். கடல்மட்டத்தில் கிடையாக வைத்த ஒரு சதுர செ.மீ பரப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துளைத்துச் செல்கிறது. 11.3 × 7.1 மி.மீ சென்சாரின் பரப்பு 0.8 சதுர செ.மீ. இரண்டு மணி நேரத்தில் நூறு மியூவான் வரை அதன் வழியாகப் போகும். எல்லாம் படத்தில் தடம் விடுவதில்லை. சில விட்டாலே போதும், உங்கள் பட்டியல் பொய்ப் புள்ளிகளால் நிறைந்துவிடும். உயரமான மலையில் இருந்தால் இன்னும் அதிகம்.

பிரித்தறிய, படத்தைப் பெரிதாக்கிப் பிக்சல் மதிப்புகளையே பாருங்கள். பின்னணி 40 என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கி வழியாக வந்த ஒளிப்புள்ளியாக இருந்தால் நடுவில் 210, மேல் கீழ் இட வலத்தில் 125 அளவில், நான்கு மூலைகளில் 82 அளவில், அதற்கும் அடுத்த பிக்சலில் 50 என்று குன்று போலச் சரியும். காற்றின் கலக்கமும் கண்ணாடியின் விளிம்பில் ஒளி வளைவதும் எந்த ஒளியையும் இப்படிப் பரப்பாமல் விடுவதில்லை. காஸ்மிக் கதிர் கண்ணாடி வழியாக வரவே இல்லை. ஆகவே ஒரு பிக்சலில் 230, ஒட்டிய ஒன்றில் 180, சுற்றிலும் அதே 40, 41 என்று செங்குத்தாக நிற்கும். சாய்வாக நுழைந்தால் நாலைந்து பிக்சலுக்குக் கோடாகக் கிடக்கும்.

பிக்சல் அளவை முன்பே வலியுறுத்தியது இதற்காகத்தான். ஒரு பிக்சலுக்கு 4 ஆர்க்செகண்ட் என்று வைத்துவிட்டால் உண்மையான விண்மீனும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. மிகக் குறைத்து அரை ஆர்க்செகண்டுக்குப் போனால், பளிச்சிடலின் கொஞ்ச ஒளியும் பல பிக்சல்களில் கரைந்து இரைச்சலில் மூழ்கும்.

சட்டகத்தில் விண்மீன் ஏதேனும் இருந்தால் அதே நொடியில் அதன் வடிவம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். விண்மீன் கொழுத்துத் தெரியும்போது உங்கள் புள்ளி மட்டும் ஊசிமுனை போல இருந்தால் அதை விட்டுவிடலாம். இன்னொன்றும் செய்யுங்கள்: தொலைநோக்கியை மூடி போட்டு மூடி, அதே கெயின், அதே வெளிப்பாட்டில் அரை மணி நேரம் பதிவெடுங்கள். அதில் பளிச்சிடுபவை அனைத்தும் கேமராவின் வேலை. உங்கள் கேமராவில் காஸ்மிக் கதிர் எப்படி இருக்கும் என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

எப்போதும் எரியும் ஹாட் பிக்சல் எளிதில் பிடிபடும். அவ்வப்போது மட்டும் விழித்துக்கொள்ளும் பிக்சல்தான் தொந்தரவு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியை இருபது முப்பது பிக்சல் அளவு நகர்த்திவிடுங்கள். நிலவு நகர்ந்தும் புள்ளி அதே வரிசை எண், அதே நிரல் எண்ணில் மறுபடி வந்தால் அது சென்சாருக்குச் சொந்தம். பிறையின் உட்பிரதிபலிப்பும் இதே சோதனையில் சிக்கும். தொலைநோக்கியை நகர்த்தும்போது அது நிலவோடு போகாமல் வேறு திசையில் போகும்.

பூமியைச் சுற்றுபவை

காஸ்மிக் கதிரை வடிவம் காட்டிக்கொடுக்கும். செயற்கைக்கோள் அப்படியல்ல. அதன் ஒளி உண்மையிலேயே வானத்திலிருந்து கண்ணாடி வழியாக வருவதால் விண்மீன் போலவே அழகாகக் குவிந்திருக்கும்.

வளர்பிறையைப் பார்ப்பது மாலையில், மேற்கு வானில். தாழ்வான செயற்கைக்கோள்கள் வெயிலில் மின்னும் நேரமும் திசையும் அதுவே. 400 கி.மீ உயரத்தில் நேர் மேலே போகும் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகரும். நிலவை அரை நொடியில் கடந்துவிடும். ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே 2 ஆர்க்மினிட் (120 ஆர்க்செகண்ட்) நீளக் கோடு விழும் என்பதால் குழப்பம் இல்லை. குழப்புவது, உருண்டுகொண்டே போகும் பழைய ராக்கெட் உடலும் உடைந்த துண்டும். மங்கலாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்து, ஒரு தட்டையான முகம் சூரியனைப் பிரதிபலிக்கும் கணத்தில் மட்டும் மின்னும். அந்த ஃப்ரேமுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து ஃப்ரேம்களை எடுத்து, பின்னணியைக் கழித்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் உச்ச மதிப்பை மட்டும் வைத்து ஒன்றாக அடுக்குங்கள். புள்ளியின் வழியே நேர்கோட்டில் மங்கலான தடம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. பிரகாசம் ஏறிய வேகத்திலேயே இறங்கியிருந்தாலும் செயற்கைக்கோளையே முதலில் சந்தேகியுங்கள்.

மிக உயரத்தில் இருப்பவை இன்னும் கடினம். புவிநிலைச் செயற்கைக்கோள் தரைக்கு நிலையாக நிற்பதால், நிலவைத் தொடரும் தொலைநோக்கியில் அது நொடிக்குச் சுமார் 14.5 ஆர்க்செகண்ட் நகரும். முப்பதில் ஒரு நொடி ஃப்ரேமில் அது அரை ஆர்க்செகண்ட் கூட இல்லை; ஒரு பிக்சலைத் தாண்டாது. எனவே ஒன்றிரண்டு ஃப்ரேம் மட்டும் மின்னினால் தனி ஒரு பதிவை வைத்து அதை மோதலிலிருந்து பிரிக்க வழியில்லை. நிலவு வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலான வானக் கோடு) அருகில் இருக்கும் நாள்களில் இதை மறக்கக் கூடாது. இரண்டு நொடி நீடித்தால் மட்டும் 24 பிக்சல் நகர்ந்து தானே அகப்பட்டுக்கொள்ளும்.

செல்ஸ்ட்ராக் போன்ற தளங்களில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவை, அன்றைய தேதிக்கு மிக அருகிலுள்ளதாக எடுத்து, வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஏற்றி, அந்த நொடியில் எது நிலவைக் கடந்தது என்று பாருங்கள். பொருந்தினால் புள்ளி செயற்கைக்கோள். பொருந்தாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை; பட்டியலில் இல்லாத துண்டுகள் மேலே ஏராளம்.

1985 மே 23-இல் கிரேக்கப் பார்வையாளர்கள் எடுத்த நிலவுப் படத்தில் பளிச்சென்று ஒன்று விழுந்து, ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. பின்னர் மற்றவர்கள் சுற்றுப்பாதைகளைக் கணக்கிட்டபோது, டிஎம்எஸ்பி எஃப்3 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் அந்த நேரத்தில் அங்கே கடந்திருந்தது. கவனமானவர்களும் விழக்கூடிய குழி இது.

இரண்டாவது தொலைநோக்கி எங்கே இருக்க வேண்டும்

இரண்டு தொலைநோக்கியை அருகருகே வைத்தால் காஸ்மிக் கதிரும் ஹாட் பிக்சலும் ஒழியும். ஒரே கதிர் இரண்டு சென்சாரிலும் நிலவின் ஒரே இடத்தில் விழாது. ஆனால் செயற்கைக்கோள் இரண்டிலும் அச்சுப்பிசகாமல் தெரியும். "இரண்டிலும் பதிவாகியிருக்கிறது" என்ற நம்பிக்கையில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

தொலைவு வேண்டும். 50 கி.மீ இடைவெளியில் இருவர் பார்த்தால், 500 கி.மீ உயரத்தில் உள்ள பொருள் 5 பாகைக்கு மேல் இடம் மாறித் தெரியும். ஒருவருக்கு நிலவின் முன்னால் வந்தது மற்றவருக்கு வரவே வராது. புவிநிலைச் செயற்கைக்கோளும் நிலவின் தரையை ஒப்பிட 4 ஆர்க்மினிட்டுக்கு மேல் விலகும். நிலவின் முகத்தில் அது சுமார் 480 கி.மீ. சொல்லப்போனால் 5 கி.மீ இடைவெளியே 26 ஆர்க்செகண்ட் தரும். நம் கணக்கில் 20 பிக்சலுக்கு மேல். மோதல் மட்டுமே இருவருக்கும் ஒரே பள்ளத்தின் ஓரத்தில், ஒரே நொடியில் தெரியும். 1999 நவம்பர் 18 லியோனிட் பொழிவின்போது பிரையன் கட்னிக் கண்ணால் பார்த்ததை டேவிட் டன்ஹாமின் வீடியோ உறுதி செய்தது இப்படித்தான். 2019 கிரகணத்தின்போதும், செய்தி பரவியதும் பல நாடுகளில் இருந்தவர்கள் தங்கள் பதிவுகளைத் திறந்து அதே புள்ளியைக் கண்டார்கள்.

காற்றில் இருப்பவையும் விண்மீன்களும்

விமானத்தின் மின்னும் விளக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை அடிக்கும். பத்து கி.மீ தொலைவில் போகும் விமானம் நிலவை அரை நொடிக்குள் கடந்துவிடும் என்பதால் ஒரே ஒரு மின்னல்தான் சட்டகத்தில் விழும். மீதி வெளியே போய்விடும். தொலைநோக்கியின் மேல் அகலக்கோணக் கேமரா ஒன்றைக் கட்டி அதே திசையை ஓடவிட்டால் வெளியே போனதும் தெரிந்துவிடும். மின்மினி, வெளவால், பூச்சி, பறவை எல்லாம் குவியத்துக்கு வெளியே இருப்பதால் மங்கிய வட்டமாகவோ, நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகவோதான் பதியும். தொலைவில் மின்னல் வெட்டினால் சட்டகம் முழுவதும் வெளுக்கும்.

பூமியின் காற்றில் எரிந்தபடி நம்மை நோக்கி நேராக வரும் எரிகல் நகராத புள்ளியாகத் தெரியும். நிலவு வானத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் 0.2 சதுர பாகைதான் என்பதால் இது மிக அரிது. ஆனாலும் நடக்காதது அல்ல. 1178 ஜூனில் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் சிலர் பிறையின் கொம்பு பிளந்து தீ கக்கியதாகச் சொன்னதை, நிலவில் ஜியோர்டானோ புரூனோ பள்ளம் உருவான காட்சி என்று 1976-இல் ஜாக் ஹார்ட்டங் விளக்கினார். அவ்வளவு பெரிய மோதல் நடந்திருந்தால் சிதறிய பாறைத்துகள் பூமியில் பெரும் எரிகல் மழையாகப் பொழிந்திருக்கும். அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்று 2001-இல் பால் விதர்ஸ் காட்டினார். நிலவின் முன்னால் வந்த எரிகல்லே பொருத்தமான விளக்கம்.

நிலவு விண்மீனை மறைத்து விடுவிப்பதைத் தேய்பிறையில் கவனியுங்கள். அப்போது இருண்ட விளிம்பு பின்னால் வருவதால், மறைந்திருந்த விண்மீன் அங்கே திடீரென்று முளைக்கும். புவியொளி மங்கலாக இருந்து விளிம்பு தெரியாவிட்டால், அது நிலவின் உள்ளேயே தோன்றியது போல இருக்கும். தோன்றியது அணையாமல் நின்றால் விண்மீன். வட, தென் துருவ ஓரத்தில் உரசிச் செல்லும் விண்மீன் மட்டும் மலைகளுக்கு நடுவே ஒரு நொடிக்கும் குறைவாக எட்டிப் பார்த்து மறையும். துருவ விளிம்பில் கிடைத்த எந்தப் புள்ளியையும் விண்மீன் பட்டியலோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம்.

நிலவிலேயே இருந்தும் மோதல் அல்லாதவை இரண்டு. இருள்–ஒளி எல்லையைத் தாண்டி இருளுக்குள் தனியாக மின்னும் மலையுச்சி முதலாவது. அது மணிக்கணக்கில் நிற்கும். இரண்டாவது அரிஸ்டார்க்கஸ் பள்ளம். புவியொளியில் மிகப் பிரகாசமான இடம் அது. காற்று ஒரு கணம் அடங்கினால் கூர்மையாகி, பளிச்சிட்டது போலத் தோன்றும்.

அறிவிப்பதற்கு முன்

புள்ளியின் இடத்தைக் குறிக்க, சுற்றியுள்ள இருநூறு ஃப்ரேம்களைச் சராசரியாக அடுக்குங்கள். கிரிமால்டி பள்ளத்தின் கருமையும் அரிஸ்டார்க்கஸின் வெண்மையும் தெளிவாகும். அவற்றை வைத்து, விர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற நிலவு வரைபட மென்பொருளில் நிலவின் அகலாங்கு, நெட்டாங்கைப் பிழை அளவோடு குறியுங்கள். பொழிவு நாளாக இருந்தால், அந்த விண்கற்கள் வரும் திசை நிலவின் அந்த இடத்துக்குத் தெரிந்ததா என்றும் பாருங்கள். தெரியாத பக்கம் என்றால் அது அந்தப் பொழிவின் கல் அல்ல.

புதிய பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் சந்தேகமே இருக்காது. 2013 மார்ச் 17-இல் மாரே இம்ப்ரியத்தில் நாசா பதிவு செய்த மோதலுக்கு, நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலத்தின் முன் பின் படங்களில் 18 மீட்டர் பள்ளம் கிடைத்தது. முன்படம் இல்லாமல் பள்ளத்தைக் காட்டுவது ஆபத்து. 1953 நவம்பர் 15-இல் லியோன் ஸ்டுவர்ட் எடுத்த ஒளிப்புள்ளிக்கு 2003-இல் ஒரு பள்ளம் பொருத்தப்பட்டது. அந்தப் பள்ளம் 1953-க்கு முன்பே எடுத்த படங்களிலும் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

நிலவு, கோள் பார்வையாளர்களின் சங்கமான அல்போவுக்கோ மற்ற பார்வையாளர்களுக்கோ எழுதும்போது யூடிசி நேரம், உங்கள் இடத்தின் ஆயங்களும் உயரமும், தொலைநோக்கி விட்டம், வெளிப்பாடு, கெயின், எத்தனை ஃப்ரேமில் தெரிந்தது, ஒப்பிட்ட விண்மீன் ஆகியவற்றைத் தாருங்கள். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிட மூலக் கோப்பை எந்த மெருகும் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள். அதே இரவு பதிவெடுத்த இன்னொருவரிடம் கேட்கும்போது நேரத்தை மட்டும் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். முன்னும் பின்னும் அரை நிமிடம் தேடி, கிடைத்த புள்ளியின் இடத்தை அவரே அளந்து அனுப்பட்டும். பிறகு உங்கள் அளவோடு வைத்துப் பாருங்கள்.